கடலில்லாத ஊருக்கு வந்த கடிதம்

அஃபீபா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம் கூடாது, தமிழம்மாவிடமும் கூடாது. நாளை கோழித்தீவன வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியதற்காக எனக்குப் பரிசு தருகிறார்கள். நன்றி சொல்ல ஐந்து நிமிடம். தமிழம்மா எழுதிக் கொடுத்த நன்றியுரையை நான் பேசப் போவதில்லை. இதைத்தான் பேசப் போகிறேன். காலையில் பஸ்ஸில் இதை உன்னிடம் தருவேன். மேடை ஓரத்தில் நின்று, நான் மறந்தால் அடுத்த வரியை எடுத்துக் கொடு. அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அப்பா நடுவீட்டில் இன்னும் விழித்திருக்கிறார். அவர் மேசையிலிருந்து நான் எடுத்த கடிதம் என் நோட்டுக்குள் இருக்கிறது.

இனி பேச்சு.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சின்னண்ணன் அவர்களே! மக்காச்சோளமும் சோயாவும் மூட்டை மூட்டையாய் இறக்கி, ஊர் ஊராய்ச் சத்துணவுத் தட்டுகளில் முட்டையை உருளவிடும் வணிகப் பெருமக்களே! கோழி கொக்கரிக்கும் முன்னே கொட்டகைக்குப் போய், கொக்கரித்த பின்னே தட்டு அடுக்கும் என் தாய்மார்களே! இந்தச் சங்கத்தின் செயலாளரும் என்னைப் பெற்றவருமான வின்சென்ட் அவர்களே! மற்ற எல்லோரிடமும் அனுமதி கேட்கிறேன். உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன தப்புக்கு என்று சற்று நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

புதுச்சத்திரத்திலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராது. கல் வரும், காடு வரும், கரட்டு மேடு வரும், கட்டுத்தறியில் மாடு வரும். கடல் வருமா? வராது! ஆனால் நம் ஊருக்குக் கடல் வாரந்தோறும் வருகிறது. லாரியில் வருகிறது. தார்ப்பாய் போர்த்தி வருகிறது. கிளிஞ்சல் என்ற பெயரில் வருகிறது!

(இங்கே யாராவது சிரிப்பார்கள். நான் நிறுத்துவேன். நீ அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே.)

சிரியுங்கள் ஐயா, சிரியுங்கள். முட்டைக்கு ஓடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கோழியிடமிருந்து என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மழையில் பத்து நாள், தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் லோடு வரவில்லை. நினைவிருக்கிறதா? அப்போது பண்ணையில் முட்டை பொறுக்கும் சென்னியம்மாள் அக்கா எங்கள் தீவனக் கடைக்கு ஓடிவந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அப்பாவிடம் காட்டினார்.

"ஏனுங்க, இதப் பாருங்க. எல்லாம் தோல்முட்டைங்க. கையில எடுத்தா பையாட்டம் அமுங்குது. முதலாளி என்னையப் புடிச்சு வையறாரு. நானாங்க போட்டேன்?"

அன்று அந்தக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லைப் போட்டுச் சமாளிக்கலாமே என்கிறீர்களா? கல்லும் வேண்டும், கிளிஞ்சலும் வேண்டும் என்று கலவை எழுதுவது நீங்கள்தானே ஐயா! கடல் கை கொடுத்தால்தான் கோழி ஓடு கொடுக்கும்.

அந்தக் கடலைப் பார்க்க என் அக்கா போயிருக்கிறாள். பெயர் அக்சிலியா. நம் ஊர்ப் பள்ளியில் படித்தவள்தான். கடற்கரையோரம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு படகு. அங்கேதான் அவள் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி? கோடை விடுமுறையில் நானும் போய்ப் பார்த்தேன். கடல் உள்வாங்கும் நேரத்தில் முழங்கால் சேற்றில் இறங்குகிறாள். ஒரு சதுரச் சட்டத்தைச் சேற்றில் பதிக்கிறாள். அதற்குள் எத்தனை மட்டி உயிரோடு இருக்கிறது என்று எண்ணுகிறாள். மாதம் தவறாமல், மூன்று வருடம். அந்த மட்டியின் ஓடுதான் நம் கிளிஞ்சல்.

அங்கே மட்டி பொறுக்கும் ஓர் அம்மாவிடம், "எங்க அக்கா வேலை உங்களுக்கு வேடிக்கையா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல சிரிச்சோம் தாயி. இப்ப அது ஒரு மாசம் வரலைன்னா எங்களுக்குப் பயமா இருக்கு. வருசா வருசம் மட்டி சிறுத்துக்கிட்டே போவுது. ஏன்னு எங்களுக்குத் தெரியல. அது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்" என்றார்.

அவையோரே! ஏழு மாதமாக அக்காவுக்கு உதவித்தொகை வரவில்லை. படகுக்கு டீசல் இல்லை. அந்த மட்டி பொறுக்கும் அம்மாதான் மூன்று மாதமாகத் தன் வள்ளத்தில் அவளை ஏற்றிப் போகிறார். கூலி வாங்கவில்லை. அன்றாடம் சேற்றில் நின்று அரிசி வாங்குகிறவர் கொடுத்துவிட்டார். கிளிஞ்சலை லாரியில் ஏற்றி, தீவனத்தில் கலந்து, முட்டையாக்கி விற்ற நாம் என்ன கொடுத்தோம்? என்ன கொடுத்தோம்?

(இரண்டாவது முறை மெதுவாகச் சொல்வேன். வேகமாகச் சொன்னால் அழுதுவிடுவேன்.)

இப்போது அந்தத் தப்பைச் சொல்கிறேன். அந்த நிலையத்திலிருந்து நம் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அப்பாவின் மேசையிலிருந்து கேட்காமல் எடுத்து வந்திருக்கிறேன். ஓராண்டுச் செலவில் பாதியைப் பல்கலைக்கழகம் தருமாம். மீதிப் பாதியை, ஆய்வால் பயன் பெறுகிறவர்கள் தர வேண்டுமாம். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் போகாவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிடுவார்களாம். முப்பதாம் தேதிக்கு முன் சங்கம் கூடுவது இன்று மட்டும்தான். அந்தக் கடிதம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஏன் இல்லை? என் அப்பா கஞ்சரா? இல்லை. அக்கா படிப்புக்காக ஒரு லாரியை விற்றவர். கல்மனமா? இல்லை. அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நான் செயலாளரா இருந்துட்டு, எம் புள்ளை வேலை பாக்கற எடத்துக்கு எப்படி, அந்தோணிமேரி, காசு கேக்கறது? சங்கத்துக் காச ஊட்டுக்குள்ள இழுக்கறான்னு நாளைக்கு ஊரே பேசும்."

அப்பா, உங்கள் நேர்மையை நான் வணங்குகிறேன். ஆனால் உங்கள் மகள் அங்கே இருப்பதாலேயே ஒரு நியாயம் ஊமையாகிவிட வேண்டுமா? அக்கா யாரோ ஒருவர் மகளாய் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை நீங்களே எழுந்து நின்று வாசித்திருப்பீர்கள் அல்லவா? கடிதம் வந்தது வின்சென்ட் வீட்டுக்கு அல்ல, சங்கத்துக்கு! வேண்டாம் என்று சொல்வதென்றாலும் சங்கமே சொல்லட்டும்!

சின்னண்ணன் ஐயா, போன கூட்டத்துக்குப் பிறகு டீக்கடையில் அக்காவின் ஆராய்ச்சியைப் பற்றி, "கடலு எங்கீங்க இருக்குது, நம்ம எங்கீங்க இருக்கறோம்? மேட்டூர் டேமுல ஆராய்ச்சி பண்ணட்டும், பஸ்ஸு சார்ஜாவது மிச்சம்" என்று நீங்கள் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது. நானும் சிரித்தேன். ஆனால் மேட்டூரில் கிளிஞ்சல் அள்ளுகிறோமா ஐயா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அக்கா கண்டுபிடிப்பது நமக்குக் கசக்கலாம். "இரண்டு வருடம் இந்தப் பக்கம் ஓடு எடுக்காதீர்கள்" என்று அவள் எழுதலாம். கிளிஞ்சல் விலை ஏறலாம். அப்போது, எங்கள் காசில் படித்து எங்களுக்கே எதிராகப் பேசுகிறாளே என்று கோபப்படுவீர்கள். நமக்குப் பிடித்த பதிலுக்குத்தான் காசு என்றால், நாம் வாங்குவது ஆராய்ச்சி அல்ல, கூலிக்குப் பேசும் சாட்சி! நமக்கு வேண்டியது சாட்சியா, உண்மையா? மட்டி முழுதாய் அழிந்த பிறகு தெரிந்துகொள்வது மேலா, அழியும் முன் தெரிந்துகொள்வது மேலா?

நான் பிச்சை கேட்கவில்லை. அக்காவுக்கென்று ஒரு ரூபாய் கேட்கவில்லை. அவளுடைய ஏழு மாதத்தைப் பல்கலைக்கழகத்திடம் அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். படகுக்கு டீசல் கேட்கிறேன். பூட்டாத ஒரு கதவு கேட்கிறேன். மாதம் ஒருமுறை சேற்றில் இறங்கி எண்ண ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு மாதம் விட்டுப்போனால் அந்த மாதத்தை எந்தப் பணத்தாலும் திரும்ப எண்ண முடியாது! எனக்குத் தரும் பரிசுத் தொகை ஐயாயிரத்தை முதல் பங்காக இந்த மேசையில் வைக்கிறேன். கடிதத்தைத் தலைவர் கையில் கொடுக்கிறேன். வாசியுங்கள் ஐயா. வாசித்த பிறகு என்ன முடிவென்றாலும் தலை வணங்குகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், பிள்ளையைத் தூக்கத்தில் தோளில் போட்டுக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், மைக்கை அணைக்காமல் விட்ட அண்ணனுக்கும் என்

அஃபீபா, கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். "நான்சி, லைட்டு எரியுதே, தூங்கலையா சாமி?" என்கிறார். மறுபடியும் தட்டுகிறார். "மேசை மேல ஒரு கவரு வெச்சிருந்தேன், காணோம். நாளைக்குச் சபையில படிக்கலாம்னு பாக்கறேன். யாரு பேசுனாலும் பேசிட்டுப் போறாங்க. நீ பாத்தியா சாமி?"

அவரே படிக்கப் போகிறாராம், அஃபீபா. நான்தான் எடுத்தேன் என்று இப்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு என்னிடம் பேச்சே இல்லை. தாழ்ப்பாளை நான் எடுக்கும் முன் கடிதத்தை நோட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன்.