குதிரைக்குக் கிடைத்த ஐம்பது

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, லிஃப்ட் கம்பெனியிலிருந்து சீருடையோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, எங்கள் கணினிச் சதுரங்கச் சங்கத்தின் உறுப்பினர்களே! லிஃப்ட் அண்ணனை இழந்த கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் மருந்துக் கடைக்காரன். ஒரு மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லவே எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை எப்படி ஐந்து நிமிடத்தில் சொல்வேன்? தலைவர் மணியடித்தாலும் நான் உட்காரப் போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் அண்ணன்! இந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் அவர் கைபட்டு மேலே ஏறி இறங்குகின்றன. பகலில் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்து கையிலுள்ள கிரீஸைக் கழுவிவிட்டால் செஸ் எஞ்சின் எழுதுபவர். எஞ்சின் என்றதும் கம்பெனித் தோழர்கள் மோட்டாரைத் தேட வேண்டாம். தானாகச் செஸ் ஆடும் நிரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். அண்ணன் தன் நிரலை வரிக்கு வரி உலகத்தின் முன் விரித்து வைத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். காசு வேண்டாம். இரண்டே நிபந்தனை: யாருடையது என்று சொல், நீ மாற்றியதையும் இதேபோல் விரித்து வை. அவ்வளவுதான்!

அவ்வளவுகூட முடியாதவர்கள் எத்தனை பேர்! பெயரை மட்டும் மாற்றி, ‘நானே எழுதினேன்’ என்று, எஞ்சினோடு எஞ்சின் மோதும் எங்கள் போட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! இப்படி நகலெடுத்ததைக் குளோன் என்போம். அவர்களைக் கண்டுபிடிக்க அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். போட்டிக்கு முன் ஒவ்வொருவரும் அவர் எதிரில் உட்கார வேண்டும். நிரலில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, “இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்பார். மிரட்ட மாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார்.

ஒரு முறை கூரியர் ஆபீஸ் கிளார்க் ஒருவர் வந்தார். அண்ணன் அவருடைய நிரலைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். நிரல் எழுதுபவர்கள் தங்களுக்காக நடுநடுவே குறிப்பு எழுதிக்கொள்வது உண்டு. அங்கே ஒரு குறிப்பு: ‘மாமியார் வந்திருக்கிறார். இந்தப் பகுதியை அடுத்த வாரம் சரிசெய்ய வேண்டும்.’

“உங்களுக்குக் கல்யாணம் எப்போ ஆச்சு?” என்று கேட்டார் அண்ணன்.

“இன்னும் ஆகலை சார். பார்த்துக்கிட்டிருக்காங்க.”

“அப்போ வந்திருக்கிற மாமியார் யாரு?”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணி, அந்த மாமியார் உங்கள் அம்மாதான்! அண்ணன் அவரை விரட்டினாரா? இல்லை. “எடுத்தது தப்பே இல்லப்பா. எடுக்கத்தானே வெச்சிருக்கேன்? சொல்லாம எடுத்ததுதான் தப்பு. மேலே ஒரு வரி எழுதிட்டு, மாத்தி எழுதறவங்க பிரிவுல ஆடு” என்றார். அந்தக் கிளார்க் இன்று எங்கள் செயலாளராக மேடையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது கல்யாணமும் ஆகிவிட்டது, நிஜ மாமியாரும் வந்துவிட்டார்.

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள், அண்ணனுக்குப் பிடிக்கும். ஆனால் இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

எஞ்சினுக்கு எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் நல்லது என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வைப்போம். அண்ணனின் பழைய எஞ்சினில், குதிரைப் பட்டியலில் ஒரு தவறு இருந்தது. வலது ஓரம், மூன்றாவது வரிசைக் கட்டம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது! அதனால் அந்தக் குதிரை நல்ல இடத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்தில் போய் நிற்கும். பிற்பாடு அண்ணன் அதைத் திருத்திவிட்டார். ஆனால் பழைய நிரலைத் திருடியவர்களிடம் அந்த ஐம்பது அப்படியே இருந்தது. அதை வைத்தே ஏழு பேரைக் கையும் களவுமாகப் பிடித்தோம்.

எட்டாவதாக வந்தவர் ஒரு இயற்பியல் டீச்சர். அவருடைய குதிரையும் அதே ஓரத்துக்கு ஓடியது. திறந்து பார்த்தோம். ஐம்பது!

“நான் உங்க நிரலைப் பார்த்ததே இல்ல சார்” என்றார் டீச்சர்.

“அப்போ இந்த எண் எங்கேருந்து வந்துச்சு?”

“சரியா ஞாபகம் இல்ல. படிக்கிற காலத்துல ஏதோ நோட்ஸ்ல பார்த்து எழுதின மாதிரி இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான் சிரித்தேன். “எல்லாருக்கும் அந்த நேரத்துல மட்டும் ஞாபகம் போயிடும்” என்று நக்கல் வேறு அடித்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார், தலைவர் போட்டார், மூன்றாவது கையெழுத்து என்னுடையது. எடுத்ததை ஒப்புக்கொள்ளாதவருக்குப் போட்டியில் இடமில்லை என்பது எங்கள் விதி; டீச்சரின் பெயர் தடைப் பட்டியலில் ஏறியது. அவர் பள்ளிக்கூடம் வரை அந்தப் பேச்சு போனது. ‘காப்பி அடித்த டீச்சர்’ என்று மாணவர்கள் கரும்பலகையில் எழுதி வைத்தார்களாம். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது.

அண்ணனை மட்டும் அது குடைந்துகொண்டே இருந்தது. நோயில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த நான்கு மாதமும் டீச்சரின் நிரலைத்தான் படித்தார். நாங்கள் அந்த ஒரு பட்டியலைப் பார்த்ததோடு சரி. அவர் முழுவதையும் படித்தார். “மத்ததெல்லாம் அந்தம்மாவோட சொந்த மூளைப்பா. என்னை விட நல்லா எழுதியிருக்காங்க. இந்த அறுபத்து நாலு எண் மட்டும் எப்படி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பரண்மேல் இருந்த ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். தும்மித் தும்மி இறக்கினேன். உள்ளே அவர் மாலை வகுப்பில் கணினி படித்த காலத்து ஜெராக்ஸ் தாள்கள். எழுதியவர் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் கைக்குக் கை மாறி எத்தனையோ ஊருக்குப் போன தாள்கள். பதினோராம் பக்கத்தில் குதிரைப் பட்டியல். வலது ஓரம், மூன்றாவது வரிசை. ஐம்பது! பக்கத்தில் அண்ணன் கைப்பட ஒரு பென்சில் டிக்.

நான் அவசரமாக அந்தத் தாளைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கப் போனேன். அவரோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “டேய், நானே குளோன்டா! இருபது வருஷமா என்னோட தப்புன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன், அந்தத் தப்புகூட என்னோடது இல்லடா!”

“அண்ணே, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். உங்க பேரு என்ன ஆகும்?” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. “இத்தனை நாள் அது மறதி. இன்னிக்குத் தெரிஞ்சப்புறம் சொல்லலைன்னா, அதுதான் திருட்டு. நேத்து வரைக்கும் நான் திருடன் இல்ல. இனிமே ஆகணுமா?”

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவரே வந்து சொல்வதாக இருந்தது. வியாழக்கிழமை போய்விட்டார்.

தலைவர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நேற்று அவர் என்னிடம், “இரங்கல் கூட்டத்துல இதெல்லாம் எதுக்கு? மனுஷன் பேரைக் கெடுக்காதீங்க” என்றார். அன்பினால்தான் சொன்னார். நான் அண்ணியிடம் போய்க் கேட்டேன். அண்ணி சொன்னது இது: “அவர் சொல்ல வந்ததை நீங்க முழுங்கிடாதீங்க தம்பி. அந்தப் பொண்ணு ஆறு வருஷமா முழுங்கிக்கிட்டிருக்கா.”

அதனால் சொல்லிவிட்டேன். சபையோரே, இதனால் அண்ணன் பெயர் கெட்டதா? தன்னைப் பற்றிய உண்மையைத் தானே தோண்டி எடுத்த மனிதனின் பெயர் எப்படிக் கெடும்?

ஆறாவது வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சர் அவர்களே! நாங்கள் அவமானப்படுத்தியும் நீங்கள் வந்திருக்கிறீர்கள். என்னை மன்னியுங்கள். தடைப் பட்டியலில் உங்கள் பெயரை இன்று காலையே அடித்துவிட்டேன். பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கும் அதன் நகல் போகிறது. அண்ணனின் நிரலின் தலைப்பில், ‘குதிரைப் பட்டியல் என்னுடையதல்ல, பெயர் தெரியாத ஒருவருடையது’ என்ற வரியை அண்ணி தன் கையால் சேர்த்திருக்கிறார். அந்தப் பெயர் தெரியாதவரை இனி நாங்கள் தேடுவோம். இது அண்ணன் விட்டுப்போன வேலை, எங்கள் சங்கம் இதைச் செய்து முடிக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நானும் ஒரு எஞ்சின் எழுதியிருக்கிறேன். அதிலும் குதிரைக்கு அறுபத்து நான்கு எண்கள் இருக்கின்றன. எங்கிருந்து எடுத்தேன்? சத்தியமாக ஞாபகம் இல்லை. பெட்டியை இறக்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயந்துகொண்டு இருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் எல்லோர் முன்னாலும் அதைத் திறக்கிறேன். டீச்சர், பரிசோதிக்க நீங்கள் வர வேண்டும். அங்கே ஐந்து இருக்குமோ, ஐம்பது இருக்குமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணா, பயத்தைவிட இப்போது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அதிகமாக இருக்கிறது.