பதினேழும் பதினெட்டும்

ரத்தம் எடுத்தது செவ்வாயா புதனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மழைக்காலம் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. எண்கள் மட்டும் மறக்கவில்லை. என்னுடையது பதினேழு, முத்தம்மா அக்காவுடையது பதினெட்டு.

கும்மிடிப்பூண்டி பெயின்ட் கம்பெனி ஒன்றில் நாங்கள் தின்னர் ஊற்றி டிரம் கழுவினோம். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், நஞ்சை முறிக்கும் ஒரு என்சைம் சிலர் உடம்பில் பிறவியிலேயே உருவாவதில்லை, அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றார்கள். முடிவுத்தாளில் பெயர் இருக்காது, எண்தான். அக்கா தன் எண் சீட்டையும் என்னிடமே கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்கோ ஜெபா. நான் இன்னாத்த படிக்கப் போறேன்."

தின்னர் வாடையே படாத பேக்கிங்கில் ஓர் இடம் காலி. என்சைம் இல்லாதவருக்கு அது என்றார் சூப்பர்வைசர் ரகு. அவரிடம் சேர்ந்தே போய்ப் பேசலாம் என்றிருந்தோம். அக்கா தனியாக அவர் அறைக்குப் போய்வந்ததைப் பார்த்தேன். கேட்டால், "சும்மாதான்" என்றாள். பத்து வருடத்தில் அவள் என்னிடம் மறைத்தது அது ஒன்றுதான்.

பதினேழுக்கு என்சைம் இருக்கிறது, பதினெட்டுக்கு இல்லை என்று தாள் வந்தது. சீட்டை மாற்றிக்கொண்டேன்; பதினெட்டைக் காட்டிப் பேக்கிங்குக்குப் போனேன். அவள் செய்த துரோகத்துக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் அவள் ஓவர்டைமும் பார்த்தாள். "என் ரத்தம் ஆசிட்டையே செரிச்சுடும், டாக்டருங்களே எழுதிக் குடுத்துக்கிறாங்க" என்று சிரிப்பாள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். கடலை அளவில் ஒரு கட்டி.

"இன்னாடி இது?"

"கொழுப்புக் கட்டிக்கா. உனக்குத்தான் ஒண்ணும் வராதே."

எட்டு மாதம் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு வரை பரவியிருந்தது. டாக்டரிடம் விசாரித்தேன். என்சைம் இல்லாதது சின்னக் காரணம்தான், சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அதில் முதல் பாதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடக்கத்தன்று ரகு என்னிடம் சொன்னார்: "உனக்கோசரம்தாம்மா அன்னிக்கி முத்தம்மா என் ரூமுக்கு வந்துச்சு. ரிசல்ட் எப்படி இருந்தாலும் ஜெபாவ மாத்துங்க சார், அதுக்கு மூச்சு வாங்குதுன்னுச்சு. நானும் சரின்ட்டேன். உங்கிட்ட சொல்ல வேணான்னுச்சு."

சொல்லியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. மறைத்தாளே, அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முத்தம்மா அக்காவை மீஞ்சூரில் புதைத்தோம். ரகு ஓய்வு பெற்றுத் திருவள்ளூர் போய்விட்டார். நான் பேக்கிங்கில் இருக்கிறேன். அக்கா மகள் பூமிகா இப்போது டிரம் கழுவுகிறாள். போன மாதம் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவள் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது.