அளவுமானியின் ஒயர் கழன்றிருக்கவில்லை

சாட்சி 4. பெண், வயது 36, மணமாகாதவர். வடிகால் பம்பு நிலையத்தில் நெட்வொர்க் டெக்னீஷியன். நிலையத்தின் பின்புறமுள்ள ஒற்றை அறையில் குடியிருப்பவர். போலீசார் விசாரித்தபோது கூறியதாவது:

மேற்படி நிலையத்தில் என்னுடன் வேலை பார்ப்பவர் பம்பு ஆபரேட்டர் ஒருவர் மட்டுமே. அவர் விடுப்பில் போனால் அன்று முழுக்க நான் யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்காது. தலைமை அலுவலகத்தின் நெட்வொர்க் பொறுப்பாளர் என் கூடப்பிறந்த அண்ணன். பெற்றோர் இல்லாத என்னைப் படிக்க வைத்து, இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே.

கால்வாயின் நீர்மட்டம் காட்டும் அளவுமானி ஒரு பழைய வெளி லைன் வழியாக எங்கள் ரவுட்டருக்கு வருகிறது. அந்த லைனுக்கு எங்கள் வழியாக வரலாம் என்று எங்கள் ரவுட்டர்தான் தலைமை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய வாரம் அண்ணன், சின்ன ரவுட்டர்களுக்குச் சுமை குறையட்டும் என்று எல்லாக் கிளைகளையும் ஸ்டப் ஏரியா ஆக்கப் போவதாகச் சொன்னார்.

அது என்ன என்று அய்யா கேட்டதால் சொல்கிறேன். ஸ்டப் ஆக்கினால் வெளி நெட்வொர்க்குகளின் விவரம் கிளைக்கு வராது. தெரியாத விலாசமெல்லாம் என்னிடம் அனுப்பு என்று மேலிருந்து ஒரே வழி மட்டும் வரும். டோட்டலி ஸ்டப் என்றால் மற்றக் கிளைகளின் விவரமும் வராது. இரண்டிலுமே கிளை தன் பக்கத்து வெளி லைனை மேலே அறிவிக்க முடியாது. ஸ்டப் வகைகளில் அதற்கு இடம் கொடுப்பது என்.எஸ்.எஸ்.ஏ. என்பது மட்டுமே.

நான், "நம்ம கிளைக்கு மட்டும் என்.எஸ்.எஸ்.ஏ. போடுண்ணா" என்றேன். அதற்கு அவர், "எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் எனக்குப் பார்க்க வசதி, நீ சும்மா இரு" என்றார். இரு முனையும் ஒரே வகையாக இல்லாவிட்டால் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசாது என்பதால், அங்கிருந்தபடியே இரண்டையும் அவரே ஸ்டப் ஆக மாற்றினார். அதன் பிறகு எங்கள் பக்கம் போன், மெயில் எல்லாம் ஒழுங்காக ஓடின. அளவுமானி தெரிகிறதா என்று கேட்டேன், தெரிகிறது என்றார். எங்கள் ரவுட்டரின் அறிவிப்பு போகாமல், அங்கே திரையில் நின்றது மாற்றத்துக்கு முந்தைய பழைய எண் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு மழை பிடித்தது. தலைமை அலுவலகம் சொல்லாமல் பம்பை ஓட்டக் கூடாது என்பது விதி. ஆபரேட்டர் போன் செய்ததற்கு, மட்டம் குறைவாகத்தான் காட்டுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அதன் பிறகு தாழ்வான தெருவுக்குள் தண்ணீர் புகுந்து தையல்காரர் ஒருவர் இறந்தார்.

இப்போது ஆபரேட்டர் அளவுமானியின் ஒயரைப் பிடுங்கிவிட்டதாகத் தலைமை அலுவலகத்தார் புகார் கொடுத்ததால், அவரைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஒயர் அதன் இடத்தில் இருந்தது, அன்றே நான் தொட்டுப் பார்த்தேன். அளவுமானியின் முகப்பில் சரியான மட்டமே தெரிந்தது.

இன்று காலை அண்ணன் போனில், "ஒயர் கழண்டிருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உனக்கும் என்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். அது உண்மைதான். எனக்கு அழுகை வந்தது, போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு இங்கே வந்தேன்.

நேரமாகிவிட்டது, அழைத்துப் போக வீட்டில் யாருக்காவது சொல்லவா என்று அய்யா கேட்டார். வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்றேன்.

இவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சாட்சி 4