அம்மாவின் வெள்ளைப் பல்

— வாயை இன்னும் கொஞ்சம் திறம்மா. இங்க காத்து பட்டா கூசுதா?

— கூசல. உயிர் போகுது, அவ்வளவுதான்.

— எதைப் போட்டு வெளுத்தே?

— ஆன்லைன்ல வாங்கினேன்டி. ஜெல்லைத் தடவி, பல்செட் மாதிரி ஒண்ணை வாயில மாட்டிக்கணும், நீலமா லைட் எரியும். உங்கப்பா எட்டிப் பார்த்துட்டு, சார்ஜ் ஏறுதான்னு கேட்டாரு.

— எவ்வளவு நேரம் வெச்சிருந்தே?

— கால் மணி நேரம்னு போட்டிருந்தான். சீரியல் முடியட்டும்னு விட்டுட்டேன்.

— ஒரு சீரியலா?

— ரெண்டு. நடுவுல விளம்பரம் வேற.

— அதோட நிறுத்தினியா?

— மேல லேசா எலுமிச்சம்பழம் தேய்ச்சேன்.

— அம்மா, ஊருக்கே நான் பல் பார்க்கறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

— கேட்டா வேண்டாம்பே. நாளைக்கு உன் கிளினிக் திறப்பு. ரிப்பனை வெட்டிட்டு அத்தனை பேர் முன்னாடி நான் சிரிக்கணும். பல் டாக்டரைப் பெத்தவ பல்லே பழுப்புன்னு உன் அத்தை ஆரம்பிப்பா. கெடறது உன் பேருதானே?

— பல்லுக்கு மேல ஓடு மாதிரி இருக்கே, அதான் எனாமல். ஜெல் அதைக் கொஞ்ச நாளைக்கு இளக்கி விடும், அப்புறம் தேறிடும். எலுமிச்சம்பழம் கரைச்சது திரும்பாது. மறுபடி வளர அது நகமில்ல.

— அப்போ போச்சா?

— மேலாகத்தான் போயிருக்கு. மிச்சத்தை இறுக வைக்கலாம். இப்ப ஃப்ளோரைடு வார்னிஷ் பூசறேன். நாளையிலேர்ந்து நான் தர்ற பேஸ்ட்ல தேய்ச்சுத் துப்பு, தண்ணி விட்டுக் கொப்பளிக்காதே. புளிப்பு, சோடா கிட்டயே போகாதே. பாக்கியை உன் எச்சில் பார்த்துக்கும். அதுல இருக்கற கால்சியம் பல்லுல ஏறும்.

— எச்சில்தான் மருந்தா? இதுக்கா உன்னை அஞ்சு வருஷம் படிக்க வெச்சோம்?

— டாக்டர் சொன்னா மரியாதையா கேட்டுக்கணும்மா.

— உன் மூக்கைத் துடைச்ச கைடி இது. உன்னைப் போய் நான் டாக்டர்ங்கணுமா?

— சரி, நீ ஒண்ணும் கூப்பிட வேண்டாம். உதட்டை மடக்காதே.

— வெளியில பலகையை ஏன் துணி போட்டு மூடி வெச்சிருக்கே? எந்த நடிகை சிரிக்கறா?

— நாளைக்குப் பாரு.

— அவளை விட என் பல் வெள்ளையா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— இன்னைக்கு நீதான் வெள்ளை. அவ பல் மஞ்சள்தான். ஆனா அம்பது தாண்டியும் ஒரு சொத்தை இல்ல, ஒண்ணும் ஆடல. வர்ற பேஷன்ட்டுக்கெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டி, உறுதியான பல்லுன்னா இப்படித்தான் இருக்கும்பேன்.

— அப்படி யாருடி அவ?

— என் பட்டமளிப்பு அன்னைக்கு முன் வரிசையில உட்கார்ந்திருந்தா. என் பேரைக் கூப்பிட்டதும் அரங்கமே திரும்பிப் பார்க்கற மாதிரி சிரிச்சா. அப்ப எடுத்தது. ஏம்மா எழுந்திருக்கறே, வார்னிஷ் காயட்டும்.

— பழைய மஞ்சளுக்கே திரும்ப ஏதாவது மருந்து இருக்குங்களா, டாக்டர்?