ராணியின் மூச்சு

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்க எனக்கு இப்போது வந்துவிட்டது. எழுந்ததும் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சுவேன். ஒரு டம்ளர் காபி கலந்து நின்றபடியே குடிப்பேன். சவரம், குளியல். ரேடியோ போடுவதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு சரஸ்வதிபுரத்து அலுவலகத்துக்கு நடந்துபோவேன். மனைவியை இழந்தவனிடம் எதையும் கேட்க மைசூரில் எல்லோருக்கும் கூச்சம். அதனால் நானே சொல்கிறேன்.

நாங்கள் கம்ப்யூட்டரில் ஆடும் சாகச விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கதையும் பாத்திரங்களின் பூர்வகதையும் என் பொறுப்பு. ஒரு ராணியின் மூச்சைச் சூனியக்காரன் சிமிழில் அடைத்து அரண்மனைக்குள் ஒளித்துவிடுகிறான். அவள் சாவதற்குள் ஆடுபவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த யோசனை என் மனைவி ஸுப்ரஜாவிடமிருந்து வந்தது. அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டாள். கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

“ராணியா ஆக்கிட்டேளே, அதுவரைக்கும் சந்தோஷம். ஒரு பட்டுப்புடவையும் சேர்த்து எழுதிடுங்கோ.”

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கட்டத்தை ஒருவரை ஆடவைத்துப் பார்க்கும்போது, எழுதியவன் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வாய் திறக்கக்கூடாது. வீட்டிலும் அப்படிச் செய்து பார்த்தேன். சீப்பையோ கரண்டியையோ ஒளித்துவைப்பேன். அவள் தேடுவாள், நான் எழுதுவேன். “குழம்பு கொதிக்கறது, பேடா, இன்னிக்கு வேண்டாம்,” என்று கன்னடம் கலந்து தடுப்பாள். தடுத்துக்கொண்டே தேடுவாள்.

முதலாளி பசவராஜ் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர், தமிழ் பேசுவார். ராணியின் மூச்சைத் தேடும் கட்டத்தை ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன்ரீ யதுநந்தன், ராணிக்கு உசுரு போகுது. இங்க என்னமோ செருப்பத் தேடற மாதிரி இருக்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி. உயிருக்காகத் தேடுகிற யாரையும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பனி அதிகம். ஸுப்ரஜாவுக்கு இழுக்கத் தொடங்கியது. இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது.

முதலில் தலையணைக்கு அடியில் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தரையில் கொட்டினாள். கொட்டியதைச் சரியாகப் பார்க்கவில்லை. இழுப்பறைகளைத் திறந்தாள், மூடவில்லை. பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தாள். இது எனக்குத் தோன்றியே இருக்காது. எழுதிக்கொண்டேன். உதடு நீலமானதையும் எழுதினேன். அவள் அசைவு நின்ற பிறகு இன்ஹேலரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனேன். ஆஸ்துமாவில் போய்விட்டாள் என்றார் அவர். அது பொய்யில்லை.

கட்டம் நன்றாக வந்திருக்கிறது. பசவராஜ் ஆடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ராணி கடைசியாக, “உன்மேல் எனக்குக் கோபமில்லை,” என்கிறாள். ஸுப்ரஜா அப்படிச் சொல்லித்தான் போனாள் என்று அவள் அம்மாவிடமும் சொன்னேன். பத்மாஸினி மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் கல்நெஞ்சன் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. அதை நான் எடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலும். அன்று கடைசியில் சமையலறை நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். விட்டு விட்டுச் சொன்னாள்:

“நீங்க எழுதுங்கோ. நானே தேடிக்கறேன்.”