மெய்யான அலாரம்

கரண்டு போகாத நாளாகப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றால், ராஜபாளையத்தில் யாரும் ஒரு புரோகிராம்கூட எழுதி முடிக்க முடியாது, ஐயா. நான் முடித்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஆஸ்பத்திரிப் பஞ்சு வெளுக்கும் ஆலை. வெளுப்பதற்கான குளோரின் வாயு சிலிண்டரில் வரும். கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டர் அறைச் சுவரில் ஒரு கருவி வைத்திருந்தோம். வாயு பட்டதும் ஹாரன் அலறும். பக்கத்து வெளுப்புக் கொட்டகையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாடை பழகி மூக்கு மரத்துப்போயிருக்கும், அதனால்தான் ஹாரன். ஆனால் அது மழை ஈரத்துக்கும் அலறியது, சும்மாவும் அலறியது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் வெளியே ஓடுவார்கள், வேலை நின்றுவிடும். தொண்ணூற்று மூன்றில் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ராஜரத்தினம், இதுல எது மெய்யி, எது பொய்யினு கண்டுபிடிச்சுத் தாங்க."

கருவியிலிருந்து ஒரு ஒயரை என் அறைக்கு இழுத்தேன். அலாரம் வந்ததும் வாயுவின் அளவைப் பிளாப்பியில் பதிந்துகொண்டே போகும்படி புரோகிராம் எழுதினேன். பொய் அலாரம் என்றால் அளவு ஏறித் தானாக இறங்கிவிடும், மெய் என்றால் இறங்காது. இது என் ஊகம். நிரூபிக்க இரண்டிலும் ஒவ்வொரு பதிவாவது முழுதாக வேண்டும்.

அதைத்தான் கிடைக்கவிடவில்லை சமுத்திரம். சிலிண்டர் மாற்றுகிறவர். ஹாரன் அலறியதுமே கருவிப் பெட்டியில் இருக்கும் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவார். உடனே கருவி பூஜ்யத்துக்குப் போய்விடும், என் பதிவு பாதியில் அறுந்துவிடும். பிளாப்பி முழுக்க அறுந்த துண்டுகள். ராப்பகலாகக் கண் விழித்து எழுதியதை ஒரு கட்டைவிரல் அழித்துக்கொண்டிருந்தது. தன்மையாகத்தான் கேட்டேன்.

"சார், அது கத்துனா காது கிழியுது. அமுக்காம என்ன செய்யச் சொல்றீக?"

"வெளிய போயி நில்லுங்க. தானா நிக்கட்டும்."

"எம்புட்டு நேரம் நிக்க? பொறவு மேஸ்திரிக்கு யாரு பதில் சொல்ல?"

பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினேன். அதன்மேல் சட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறையில் ஹாரன் ஒயரைக் கழற்றினேன். நிறுத்தும் பொத்தானையும் வேலை செய்யாதபடி ஆக்கினேன். பெட்டி பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. இனி அலாரம் என் திரைக்கு மட்டும் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூடுதல் கவனமாக இருப்பார்கள், பதிவு இயல்பாக இருக்காது. படித்தவர் நீங்கள், உங்களுக்குப் புரியும்.

அதற்குப் பிறகு பொய் அலாரங்கள் முழுதாக வந்தன. எல்லாம் நான் சொன்னபடியே ஏறி இறங்கின. பஞ்சு அள்ளிப்போடும் இருளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் பால்கோவா வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார்.

"சத்தமே இல்லாம நிம்மதியா இருக்கு சார். நீங்கதான் சரி பண்ணீகளாம்ல. நல்லா இருப்பீக."

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் மனம் நோகும். அதுவுமில்லாமல், மெய் அலாரம் ஒன்று இன்னும் பாக்கி இருந்தது.

அது வந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. அளவு ஏறியது. இறங்கவில்லை. அப்போதே தெரிந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்தது. மேஜையில் கொட்டகைக்குப் பேசும் இன்டர்காம் இருந்தது, அது நன்றாகவே வேலை செய்தது. எடுத்துச் சொன்னால் அத்தனை பேரும் ஓடிவந்து வால்வை மூடிவிடுவார்கள். மறுபடியும் பாதியில் அறுந்துவிடும். அடுத்தது எப்போது வரும் என்று யார் கண்டது?

இருளம்மாள் "அண்ணே, அண்ணே" என்று கத்துவது கேட்டது. சமுத்திரத்தை வெளியே இழுக்க சிலிண்டர் அறைக்குள் போனாராம். பிறகு இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் தூக்கிவந்தார்கள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். குளோரின் பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்.

அந்தப் பெட்டியில் இன்னொரு பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் ஆள் கூப்பிட, ஹாரனைக் கையால் அடிப்பதற்கு. ஹாரன்தான் இல்லையே, ஆனால் அமுக்கினால் என் திரையில் ஒரு குறி விழும். அவர்களைத் தூக்கிவருவதற்கு முன்பு குறிகள் விழுந்தன. முதலில் அடுத்தடுத்து, அப்புறம் விட்டுவிட்டு. அது சமுத்திரத்தின் கைதான் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் பொத்தானை விடமாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் இப்போது அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஐயா. இந்தத் தடவை அவர் என் பதிவைக் கெடுக்கவில்லை.