ஒரு ரோசாவின் மூலப்பத்திரம்

மணம் நிறைந்த இந்த மாலையில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் சீனுவாசன் அவர்களே, தொட்டிகளைப் பிள்ளைகளைப் போல் இடுப்பில் தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே, விழுப்புரத்திலிருந்து வெயிலையும் பாராமல் வந்த பெரியோர்களே, திண்டிவனத்துப் பூப்பிரியர்களே, மன்றச் செயலாளன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பதாண்டு எழுதித் தேய்ந்த எழுத்தன், இன்னாசிராஜின் வணக்கம்.

இதோ, மேசையில் இருக்கும் இந்த ரோஜாவைப் பாருங்கள். வெளிர் சிவப்பு, இதழுக்குள் இதழ், பூத்த இரண்டு நாளும் வீடே மணக்கும். பின்வரிசையில் யாரோ ‘பன்னீர் ரோஜா’ என்கிறீர்கள். இல்லை ஐயா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டோம். இலை வேறு, முள் வேறு, மணமும் வேறு.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்துப் பத்தில், நம் மலர்க் கண்காட்சிக்கு வந்த இதே செடியை இதே வாசலில் திருப்பி அனுப்பிய பாவி யார்? நான்தான். கூட்டேரிப்பட்டில் இட்லிக் கடை நடத்தும் சூசை மேரி அம்மாள் இதைக் கொண்டுவந்தார். படிவத்தில் எழுத ரகத்தின் பெயர் கேட்டேன்.

“தேவநாதன் ரோசாங்க.”

“அது ஆள் பேரும்மா. ரோஜா பேரைச் சொல்லுங்க.”

“எனக்கு அதாங்க தெரியும்.”

பெயரில்லாத செடிக்கு இடமில்லை என்று சட்டம் பேசினேன். அவர் சண்டை போடவில்லை. “இனிமே கொண்டாரமாட்டேங்க. இத்தினி சனத்துக்கு முன்னாடி அதுக்கு அவமானமா பூடுச்சி” என்றார். தனக்கு அவமானம் என்று சொல்லவில்லை, செடிக்கு அவமானம் என்றார்.

ஊரார் நிலத்துக்கெல்லாம் மூலப்பத்திரம் தேடியவன், ஒரு ரோஜாவுக்குத் தேட மாட்டேனா? தேடினேன். விழுப்புரத்தில் தேவநாதனைக் கண்டேன். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். கிருத்திகை தோறும் மயிலம் கோயிலுக்குப் போகும் வழியில் சூசை மேரி கடையில் சாப்பிடுகிறவர். ரயில்வே குடியிருப்பைக் காலி செய்தபோது, செடியைச் சூசை மேரியிடம் ஒப்படைத்திருக்கிறார்.

“எம்பேர்ல ரோசாவா? பேஜாரு பண்ணாதீங்க சார். எங்க ஊட்ல அது கெங்கம்மா ரோசா” என்று சிரித்தார். குடியிருப்பில் தோட்டப் போட்டி நடத்தியவரும் அவரே. பரணிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஊதா மையில், ‘கெங்கம்மாள் ரோசா, கொடுத்தவர் ஊர் திருவெண்ணெய்நல்லூர்’ என்று இருந்தது. கெங்கம்மாள் அந்நாளில் ஸ்டேஷன் வாசலில் கத்தரிக்காய் விற்றவராம்.

ஈரத்துணியில் பூவைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கரும்புத் தோட்டத்து ஓரம் கெங்கம்மாள் பூவை வாங்கி மோந்தார்.

“போட்டி வச்சதுக்கு மறுவருசமே ஆத்துத் தண்ணி நின்னு எங்க செடி அழுகிப்பூடுச்சிங்க. அப்புறம் யாவாரத்துக்கும் போவல. அந்த ரயில்வே தம்பிக்குக் குடுத்ததும் பூட்டிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவருக்குக் கொடுத்தது யார்? கணவர் திண்டிவனம் சந்தையில் வாங்கியதாம், விற்றவர் பெயரைக் கேட்கவில்லையாம். “கேட்டிருந்தா நானும் அவரு பேரத்தான் சொல்லியிருப்பேன்” என்றார். என் பத்திரத் தேடல் அங்கே முடிந்தது.

அன்பர்களே, கவனித்தீர்களா? நீர் ஊற்றியவர்கள் தம் பெயரை வைக்கவில்லை. நிழல் கொடுத்தவர்கள் தம் பெயரை வைக்கவில்லை. கையில் கொடுத்தவர் பெயரையே வைத்தார்கள். பெயரில்லை என்றேனே, இதைவிடப் பெயர் வேண்டுமா? இதைவிடப் பதிவு வேண்டுமா? முப்பதாண்டு பத்திரம் எழுதிய எனக்குத் தெரியாதது, இட்லி சுட்ட கைக்குத் தெரிந்திருந்தது. சூசை மேரி அம்மா, உங்கள் செடிக்கு நேர்ந்த அவமானத்துக்கு இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கெங்கம்மாளும் வந்திருக்கிறார், இருவரும் மேலே வாருங்கள். இது சூசை மேரி அம்மாள் பதியன் போட்ட கன்று. பதினேழு ஆண்டுக்குப் பின் கெங்கம்மாள் கைக்குத் திரும்பிப் போகிறது. கெங்கம்மாள் ஏதோ சொல்கிறார், மைக்கில் சொல்லுங்கள் அம்மா.

“எங்க ஊட்ல இனிமே இது சூசை மேரி ரோசாங்க.”

கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன். படிவத்தில் பெயருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. மூன்று பெயரையும் அதில் நெருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசலில் இன்னும் ஆறு கன்று இருக்கிறது. எடுத்துப் போகிறவர்களுக்கு நன்றி, இவ்வளவு நேரம் செவி கொடுத்தவர்களுக்கும் நன்றி. உங்கள் வாசலெல்லாம் மணக்கட்டும். கொடுப்பவர் பெயரை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.